பிஞ்சு மனமும் பின்னாள் சோர்வும்

ஓசூர் ரோடில் உள்ள நிம்ஹான்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "அந்தப் பையனை நிம்ஹான்ஸ் கூட்டிப் போனார்களாம்" என்று யாராவது சொன்னால் போதும், அடுத்த கேள்வி அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதாகத்தான் இருக்கும். ஆனால் அகில இந்திய மனநல நிலையமாக 1954-இல் தொடங்கி, 1974-இல் பழைய மைசூர் அரசு மனநல மருத்துவமனையோடு இணைந்து இன்றைய உருவம் பெற்ற அந்த நிறுவனத்தைத் தேடி, வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களே வருகிறார்கள். பிரேசர் டவுனிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் நாம்தான் அதைப் பயத்தோடு பார்க்கிறோம்.

நிம்ஹான்ஸ் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் கேரளமும் அதில் சேர்ந்திருந்தன. வயது வந்தவர்களில் இருபதுக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய்க்கு, அதாவது டாக்டர்கள் டிப்ரெஷன் என்று சொல்வதற்கு, ஆளாகிறார் என்று அது காட்டியது. அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவே இல்லை. நம் தெருவில் நூறு பேர் இருந்தால் ஐந்து பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நோய் ஏன் சிலருக்கு வருகிறது, அதே கஷ்டத்தில் இருக்கும் வேறு சிலருக்கு ஏன் வருவதில்லை? வேலை போனால் எல்லோருக்கும் வருத்தம்தான். ஒருவர் மூன்று மாதத்தில் தேறிவிடுகிறார். இன்னொருவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் போகிறார். பரம்பரை ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி இன்னொரு காரணத்தையும் மேலும் மேலும் உறுதி செய்துகொண்டே வருகிறது. அது அவரவர் குழந்தைப் பருவம்.

இதன் தொடக்கம் ஒரு விசித்திரமான இடத்தில் நடந்தது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர், உடல் பருமனைக் குறைக்கும் கிளினிக் ஒன்றை 1980-களில் நடத்தி வந்தார. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவது அவருக்குப் புரியவில்லை. ஏன் என்று விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிய வந்தது. இதையடுத்து அவரும் ராபர்ட் ஆண்டா என்ற டாக்டரும் சேர்ந்து, ஒரு பெரிய மருத்துவத் திட்டத்தில் இருந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குள் உங்களை வீட்டில் அடித்தார்களா, இழிவாகப் பேசினார்களா, பாலியல் தொல்லை நடந்ததா, அம்மாவை அடிப்பதைப் பார்த்தீர்களா, வீட்டில் குடிகாரர் இருந்தாரா, யாராவது மனநோயாளியாக இருந்தார்களா, சிறைக்குப் போனார்களா என்ற வகைக் கேள்விகள். முதல் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. இத்தகைய அனுபவங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, ஒன்றுமே படாதவர்களை விட, மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி ஆகியவை நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகமாக இருந்தன. இவர்கள் சேரிவாசிகள் அல்லர், படித்த, இன்ஷூரன்ஸ் உள்ள நடுத்தர வர்க்கத்தினர் என்பது கவனிக்க வேண்டியது. "இதெல்லாம் நம்மைப் போன்ற குடும்பங்களில் கிடையாது" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சரி, ஐந்து வயதில் பட்டது நாற்பது வயதில் எப்படிப் பாதிக்கும்? இங்கேதான் மூளையின் வேலை வருகிறது.

ஆபத்து என்று தோன்றினால் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் சமிக்ஞை கொடுக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குப் போகிறது. அட்ரீனல் கார்டிசால் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. ஓடவும் எதிர்க்கவும் அது உடம்பைத் தயார் செய்கிறது. ஆபத்து நீங்கியதும் "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டுமல்லவா? அந்த வேலையைச் செய்யும் முக்கிய இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். நினைவுகளைப் பதிவு செய்வதும் அதுதான். பயத்தை உணரும் இடத்துக்கு அமிக்டலா என்று பெயர், பாதாம் பருப்பு அளவில் இருக்கும். இரண்டுக்கும் மேலே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் யோசித்து அடக்கும் மேலதிகாரி. அது முழு வளர்ச்சி பெற இருபத்தைந்து வயது வரை ஆகிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் அலாரம் முழுதாக இருக்கிறது, அதை நிறுத்தும் சுவிட்ச் பாதிதான் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் நிறுத்தும் வேலையைப் பிள்ளைக்காகச் செய்பவர் அம்மாவோ, அப்பாவோ, பாட்டியோதான். தூக்கி வைத்துக்கொண்டால் அழுகை நிற்பது இதனால்தான்.

இந்த ஆராய்ச்சியில் நம் பெங்களூருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெல்லாரி ரோடில் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜியும் அவரது குழுவினரும், நிம்ஹான்ஸைச் சேர்ந்த சங்கரநாராயண ராவுடன் சேர்ந்து, 2002-இல் ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். எலிகளைத் தினம் இரண்டு மணி நேரம், பத்து நாள், அசைய முடியாதபடி அடைத்து வைத்துப் பிறகு மூளையைப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவிலோ நேர்மாறாக, கிளைகள் நீண்டு வளர்ந்திருந்தன. நிறுத்தும் இடம் சுருங்குகிறது, பயப்படும் இடம் பெருக்கிறது! அதே குழு 2004-இல் இன்னொன்றைக் காட்டியது. அழுத்தத்தை நிறுத்தி இருபத்தொரு நாள் ஓய்வு கொடுத்தபோது ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, அமிக்டலா திரும்பவில்லை. 2005-இல் வந்த கட்டுரை இன்னும் யோசிக்க வைக்கிறது. ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் அடைத்து வைத்த எலிகளின் அமிக்டலாவில் மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் புதிய இணைப்புகள் முளைத்திருந்தன. "அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தான்" என்று நாம் சொல்வதை இனி கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

1898-இல் பெங்களூர் கண்டோன்மென்டைப் பிளேக் உலுக்கிய பிறகு, அகலமான தெருக்களும் எலி அண்டாத வீடுகளுமாக உருவாக்கப்பட்டதுதான் நம் பிரேசர் டவுன். எலியை விரட்டக் கட்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு எலியிடம் பாடம் கேட்கிறோம் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அன்றைய அதிகாரிகள் செய்ததில் ஒரு விஷயம் இருக்கிறது. நோய் வந்த பின் மருந்து தேடுவதோடு அவர்கள் நிற்கவில்லை, நோய் வர முடியாதபடி வீட்டையே வேறு விதமாகக் கட்டினார்கள்.

மேலே சொன்னவை வளர்ந்த எலிகள். குட்டிப் பருவத்து அழுத்தத்தைப் பற்றி ஆராய்ந்தவர்களில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விதிதா வைத்யா முக்கியமானவர். 2022-இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர். எலிக்குட்டிகள் பிறந்த இரண்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, தினம் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டன. பிறகு சாதாரணமாக வளர விட்டார்கள். அவை இளமையை அடைந்தபோது சோதித்தால் ஆச்சரியம், ஹிப்போகாம்பஸில் புதிய அணுக்கள் அதிகம், நினைவுச் சோதனையிலும் கெட்டிக்காரத்தனம். ஆனால் எலிக்கு நடுவயதான பதினைந்து மாதத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அணுக்களும் குறைவு, நினைவும் குறைவு. கஷ்டப்பட்டு வளர்ந்த பிள்ளை சீக்கிரம் பொறுப்பாகி, வகுப்பில் முதலாக வந்து, வேலைக்கும் போய், நாற்பதைத் தாண்டியதும் திடீரென்று ஒடிந்து போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த எலி ரொம்பவே பரிச்சயமானதாகத் தோன்றும். எலிக்கும் மனிதனுக்கும் தூரம் உண்டு, அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் தோன்றத்தான் செய்கிறது.

கனடாவில் மைக்கேல் மீனியின் குழு தாய் எலிகளின் குணத்தையே பார்த்தது. சில தாய்கள் குட்டிகளை அதிகம் நக்கிக் கொடுக்கும், சில குறைவாக. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் பெரிதானபின் பயம் குறைந்தவையாக இருந்தன. குட்டிகளை மாற்றி வைத்தால், பெற்ற தாயின் குணம் வரவில்லை, வளர்த்த தாயைப் பொறுத்தே அமைந்தது. கார்டிசாலைக் கண்டுகொள்ளும் மரபணு ஒன்றின் மேல் ஒட்டும் இரசாயன முத்திரை, தாயின் அரவணைப்புக்குத் தக்கபடி மாறுகிறது என்று 2004-இல் காட்டினார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களில் சிறு வயதில் கொடுமைப்பட்டவர்களின் மூளையிலும் இது போன்ற முத்திரை இருந்ததாக 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. அளவில் சிறிய ஆய்வு என்பதால் அதை மட்டும் வைத்துப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது.

ரயில்வேயில் இருப்புப் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதெல்லாம் ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறது. இப்போதெல்லாம் தண்டவாளங்களை இடைவெளி விடாமல் கிலோமீட்டர் கணக்கில் வெல்ட் செய்துவிடுகிறோம். வெயிலில் இரும்பு நீளப் பார்க்கும், ஸ்லீப்பரும் ஜல்லியும் பிடித்து வைத்திருக்கும். ஆகையால் தண்டவாளத்தை எந்த உஷ்ணத்தில் இறுக்குகிறோம் என்பது மிக முக்கியம். குறிப்பிட்ட உஷ்ணத்துக்குக் கீழே, மார்கழிக் காலைக் குளிரில் இறுக்கிவிட்டால், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. மாதக்கணக்கில் வண்டி ஓடும். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் பாதை பாம்பு போல் வளைந்து நிற்கும். வெயில்தான் காரணம் என்பார்கள். அதே வெயில் பக்கத்து செக்ஷனிலும் அடித்ததே! வேலை போனது, பெண்ணின் கல்யாணம் முறிந்தது, துணை இறந்தது, இவையெல்லாம் வெயில். சிறு வயதில் துன்பப்பட்டவர்கள் பிற்காலத்தில் மற்றவர்களை விடச் சிறிய இடிக்கே மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்வது இதைத்தான்.

மனிதக் குழந்தைகளை யாரும் சோதனைக்காகத் தாயிடமிருந்து பிரிக்க முடியாது. ஆனால் ருமேனியாவில் ஓர் அரசாங்கமே அதைச் செய்தது. செளஷெஸ்குவின் ஆட்சி 1989 டிசம்பரில் கவிழ்ந்தபோது, அரசு அனாதை விடுதிகளில் குழந்தைகள் வரிசையாகத் தொட்டிலில் கிடந்தன. பால் கிடைத்தது, தூக்குவார் இல்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2000-இல் புக்காரெஸ்ட் நகரில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளில் பாதிப் பேரைச் சீட்டுக் குலுக்கி வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் மனநலத்திலும் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். வயிறு நிறைந்தால் பிள்ளை வளர்ந்துவிடும் என்று நாம் நினைப்பது எவ்வளவு அரைகுறை என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம்.

நம் இந்தியப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். மேல்நாட்டுக் கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாதுதான். அதற்காகவே நிம்ஹான்ஸின் விவேக் பெனகல் தலைமையில், லண்டன் கிங்ஸ் கல்லூரியுடன் சேர்ந்து, சிவேதா என்ற பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. ஆறு வயது முதல் இருபத்துமூன்று வயது வரையுள்ள சுமார் பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது திட்டமாக இருந்தது. பெங்களூரில் நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் என்று இரண்டு மையங்கள், மற்றும் மைசூர், சண்டிகர், இம்பால், கல்கத்தா, ரிஷிவேலி என ஏழு இடங்கள். குடும்பத்துக் கஷ்டம், பள்ளிக்கூடத்துக் கஷ்டம், ஈயம் போன்ற நச்சுப் பொருள், மூளையின் ஸ்கேன் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கலவரப் பகுதிப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் ஒரே ஆய்வில் வருவது இதன் சிறப்பு.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று பழமொழி வைத்திருப்பவர்கள் நாம். மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் அடிபட்டவர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2010 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. டியூஷன் வாத்தியாரிடம் "நல்லா நாலு போடுங்க சார்" என்று நாமே சொல்லிவிட்டு வந்தால் சட்டம் என்ன செய்யும்?

"நாங்கள் எல்லாம் அடி வாங்கி வளரவில்லையா, கெட்டா போனோம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பவர் தேறியவர், தேறாதவர் வந்து பதில் சொல்ல மாட்டார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 147 பிள்ளைகளைக் கொண்டு 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் சாதாரணமாகக் கையால் அடி வாங்கும் பிள்ளைகளுக்கு, பயந்த முகங்களின் படத்தைக் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். அடி வாங்காத பிள்ளைகளை விட அவர்கள் மூளையின் முன்பகுதி கூடுதலாக எதிர்வினை காட்டியது. கடுமையான கொடுமைக்கு ஆளான பிள்ளைகளின் மூளையும் இதே வகையில்தான் எதிர்வினை காட்டியது. அப்பா "செல்லமாக" அடிக்கிறார் என்பது பிள்ளையின் மூளைக்குத் தெரிவதில்லை போலும்.

குடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு அப்பா எப்படி வீட்டுக்குள் நுழைவார் என்று காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையின் அமிக்டலா என்ன பாடுபடும்?

இன்னொன்று, புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கே உரியது. இருவரும் வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் கைக்குழந்தையை ஆம்பூரிலோ திருப்பத்தூரிலோ பாட்டியிடம் விட்டுவிட்டு வருவது நம்மிடம் சகஜம். இது கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். பாசமுள்ள பாட்டி மடியில் வளர்வது பிள்ளைக்குப் பெரிய பலம். ஆராய்ச்சியும் ஒரு நிலையான ஆள் வேண்டும் என்றுதான் சொல்கிறது, அது அம்மாவாகவே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சிக்கல் வருவது பள்ளியில் சேர்க்கும் வயதில். நான்கு வருஷமாக அம்மா என்று நினைத்திருந்த பாட்டியிடமிருந்து ஒரே நாளில் பிரித்து, மொழி தெரியாத ஊரில், முகம் அவ்வளவாகப் பழகாத பெற்றோரிடம் கொண்டுவந்து, மறு வாரமே யூனிஃபார்ம் மாட்டிவிடுகிறோம். பிள்ளை பேசாமல் இருந்தால் "சமத்து" என்கிறோம். பாட்டியும் சில மாதம் கூட வந்து தங்கட்டும். முடியாவிட்டால் முன்கூட்டியே பல தடவை அழைத்து வந்து பழக்கலாம், தினம் பாட்டியோடு போனில் பேச வைக்கலாம். செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது.

பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வையும் இங்கே சொல்ல வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்து, துணைக்கு ஆள் இல்லாமல், குழந்தையைப் பார்த்தால் அழுகை வருகிறது என்று ஒரு பெண் சொன்னால் அதைத் திமிர் என்று தள்ளக் கூடாது. அவளைக் கவனிப்பது இரண்டு மூளைகளைக் கவனிப்பது. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துச் சிகிச்சை செய்யும் பிரிவே நிம்ஹான்ஸில் இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு "அப்படியானால் என் கதி அவ்வளவுதானா?" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கேள்வித்தாளில் கிடைக்கும் எண்ணை வைத்துத் தனி ஒருவருக்கு ஜோசியம் சொல்லக் கூடாது என்று, அதை உருவாக்கிய ஆண்டாவே 2020-இல் எழுதினார். துன்பப்பட்டவர்களில் மிகப் பலருக்கு இந்த நோய் வருவதே இல்லை. நோய்க்கு ஒற்றை மரபணுவைக் காரணம் காட்டி 2003-இல் வந்து உலகப் புகழ் பெற்ற ஒரு முடிவு, பின்னால் பெரிய அளவில் சோதித்தபோது நிற்கவில்லை. பத்திரிகைத் தலைப்புகளைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

சிகிச்சையைப் பற்றி நல்ல செய்தியும் இருக்கிறது. சிறு வயதில் துன்பப்பட்டவர்களின் மனச்சோர்வு மருந்துக்கு மசியாது என்று முன்பு ஒரு கருத்து உண்டு. 29 ஆய்வுகளில் இடம்பெற்ற சுமார் 6,800 நோயாளிகளை வைத்து 2022-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அவர்கள் சிகிச்சை தொடங்கும்போது நோய் கடுமையாக இருக்கிறது, ஆனால் மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் மற்றவர்கள் அளவுக்கே பலன் அடைகிறார்கள் என்று அது சொன்னது. தப்பான உஷ்ணத்தில் இறுக்கிய தண்டவாளத்தையும் நாங்கள் தூக்கி எறிவதில்லை. வண்டியை நிறுத்தி, பிடிப்புகளைக் கழற்றி, அடியில் உருளை வைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே தங்கிய அழுத்தத்தை விடுவித்து, மறுபடி இறுக்குவோம். அதற்கு நேரமும் நாலு ஆளும் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எதிலும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, எதற்கும் தானே குற்றவாளி என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. நம்மவர்கள் மனசு சரியில்லை என்று சொல்வதில்லை, முதுகு வலி, தலை பாரம், அசதி என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளோ எரிந்து விழுவார்கள், படிப்பில் பின்தங்குவார்கள், வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மறுப்பார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய சேவை, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இங்கே கர்நாடகத்திலிருந்து கூப்பிட்டாலும் தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம். குழந்தை ஒன்று கொடுமைப்படுவது தெரிந்தால் அதற்கு 1098. இரண்டு எண்களையும் சமையலறைக் காலண்டரில் கேஸ் ஏஜென்சி நம்பருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.